கண்ணின் நாற்றுமேடை
சுண்ணாம்பு, எரிசோடா, எருக்கலம்பால் பட்ட கண்கள் பற்றிய ஒரு பாடம்

கண்ணின் கருமணிக்கு மேல் வெள்ளை படர்ந்தால் எமது ஊர்களில் “கண்ணில் பூ விழுந்திட்டுது” என்று சொல்வார்கள். நெற்தாள் குத்திய கண்ணிலும் பூ. சுண்ணாம்பு பட்ட கண்ணிலும் பூ. வயது போனவருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தபின் விழி வீங்கி மங்கினாலும் பூ. பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று என எண்ணிவிடுகின்றோம். “கண்தானம் செய்த ஒருவரின் கண் கிடைத்தால் மாற்றிவிடலாம்” என்று பல குடும்பங்கள் நம்பிக் காத்திருக்கின்றன. சில கண்களுக்கு அது சரியான நம்பிக்கை. வேறு சில கண்களுக்கு அது மட்டும் போதாது. ஏன் போதாது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகின்றோம்.

இடம்பெயர்ந்து வாழ்பவர்களும், பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்புபவர்களும் இதை அறிந்திருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. காணிக்குத் திரும்பிய முதல் மாதங்களில் கையில் எடுக்கும் பொருட்களை எண்ணிப் பாருங்கள். கிணறு இறைத்தபின் போடும் வெளிற்றுந்தூள், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு, தரை போடும் சீமெந்து, பற்றை வெட்டும்போது தெறிக்கும் எருக்கலம்பால். சுயதொழிலுக்காகச் சவர்க்காரம் செய்யப் பழகியவர்களின் வீட்டில் எரிசோடாவும் இருக்கும். இவை ஒவ்வொன்றும் கண்ணைக் கெடுக்க வல்லவை.

கண்ணாடி ஏன் தெளிவாக இருக்கிறது?

கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கடிகாரத்தின் கண்ணாடி போல வளைந்த ஒரு தெளிந்த தோல் இருக்கிறது. இதனைப் பாடப்புத்தகங்களில் விழிவெண்படலம் என்பர். (பெயரில் ‘வெண்’ இருந்தாலும் சுகமான கண்ணில் அது வெண்மையாக இராது, நிறமே இராது.) இதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். உள்ளே இரத்தக்குழாய் ஒன்றும் இல்லை. இருந்தால் ஒளி புகாது.

இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணுக்குள் எந்நேரமும் நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீர் கண்ணாடிக்குள் கசிந்தபடியே இருக்கும். பள்ளக்காணியில் வாய்க்கால் நீர் ஊறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறும் நீரை வெளியேற்றாவிட்டால் வயல் சதுப்பாகிவிடும். கண்ணிலே அந்த வேலையைச் செய்வது கண்ணாடியின் பின்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக அமைந்த கலங்கள். இவற்றைப் பம்பிக் கலங்கள் என்று அழைப்போம். ஒவ்வொரு கலமும் ஒரு சிறு நீர்ப்பம்பி. இரவும் பகலும் நீரை மீண்டும் கண்ணுக்குள் இறைத்துக் கண்ணாடியை வற்றலாக வைத்திருக்கின்றன.

இளவயதில் ஒரு சதுர மில்லிமீற்றரில் ஏறத்தாழ 3000 பம்பிக் கலங்கள் இருக்கும். வயது போகப் போக மெல்லக் குறையும். இறந்த கலத்துக்குப் பதிலாகப் புதுக்கலம் மனிதக் கண்ணில் முளைப்பதில்லை. பக்கத்துக் கலம் அகன்று அந்த இடத்தை மூடும், அவ்வளவுதான். எண்ணிக்கை ஏறத்தாழ 500க்குக் கீழே போனால் இறைப்புப் போதாமல் கண்ணாடி நீரை உறிஞ்சி வீங்குகிறது. இதுவே விழிவெண்படல வீக்கம்.

இந்த வீக்கத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. காலையில் எழும்பும்போது பார்வை மிகவும் புகையாக இருக்கும். மதியத்துக்குள் கொஞ்சம் தெளியும். இரவில் இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாக வழியில்லை. பகலில் காற்றுப்பட்டு ஓரளவு வற்றுகிறது. விளக்கைப் பார்த்தால் வானவில் போன்ற வளையம் தெரியும். முற்றிய நிலையில் மேற்பரப்பில் சிறு கொப்புளங்கள் தோன்றி உடையும். உடையும்போது கண்ணுக்குள் மணல் போட்டு அரைப்பது போன்ற நோ வரும். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த முதியவர்கள் சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து இப்படி வருவதுண்டு. “வயது போனால் கண் மங்கும்தானே” என்று விட்டுவிடாமல், காலையில் கூடுதலாக மங்குகிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். அந்த ஒரு விபரம் வைத்தியருக்குப் பெரிய உதவி.

ஓரத்தில் உள்ள நாற்றுமேடை

கண்ணாடியின் முன்புறத்தை மூடியிருக்கும் கலங்களின் கதை வேறு. இவை தினமும் தேய்ந்து கழன்று கண்ணீருடன் போகின்றன. ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் மேற்பரப்பு முழுவதும் புதிதாகிவிடும். ஆகவே புதுக்கலங்கள் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அவை எங்கிருந்து வருகின்றன என்பது நீண்டகாலம் தெளிவாகத் தெரியாதிருந்தது. 1971 இல் டவாங்கர், எவன்சன் என்னும் இருவர் கலங்கள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்கின்றன என்ற கருத்தை வெளியிட்டார்கள். 1986 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு வலுவான சான்று காட்டினார்கள். கறுப்பு விழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் வட்டமான விளிம்பில்தான் மூலக்கலங்கள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதி ஸ்டெம் செல் என்றும் பத்திரிகைகளில் போடுகிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்த விளிம்பு வரம்பு வரம்பாகத் தெரியும். வரம்புகளுக்கிடையே மூலக்கலங்கள் பத்திரமாக இருக்கின்றன.

கமக்காரருக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. வயலின் ஓரத்தில் நாற்றுமேடை. அங்கிருந்து நாற்றுகள் வயல் முழுவதற்கும் போகின்றன. நடுவயலில் பயிர் அழிந்தாலும் நாற்றுமேடை இருந்தால் திரும்ப நடலாம். நெற்தாள் கீறிய கண் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடுவது இதனாலேதான் (கிருமி தொற்றாவிட்டால்).

நாற்றுமேடையே அழிந்தால் என்ன நடக்கும்? விட்டுவந்த வயல்களுக்கு நடந்ததைக் கண்டிருப்பீர்கள். பயிர் இல்லாத நிலம் வெறுமையாக இராது. கோரையும் பற்றையும் புகும். கண்ணிலும் அப்படியே. வெள்ளை விழியை மூடியிருக்கும் தோல் தன் இரத்தக்குழாய்களோடு சேர்ந்து கண்ணாடிக்கு மேல் படர்கிறது. ஆறாத புண், ஓயாத சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், நாளடைவில் தடித்த வெள்ளைப் படலம். இதுவும் “பூ”தான். ஆனால் மேலே சொன்ன வீக்கம் அல்ல.

சவர்க்காரச் சட்டியில் நடப்பது

சவர்க்காரம் செய்தவர்களுக்குத் தெரியும்: தேங்காயெண்ணெயுடன் எரிசோடாக் கரைசலைச் சேர்த்தால் எண்ணெய் சவர்க்காரமாக மாறுகிறது. எமது உடற்கலங்களின் சுவரிலும் கொழுப்பு உண்டு. எரிசோடாவோ சுண்ணாம்போ கண்ணில் பட்டால் அதே மாற்றம் அங்கேயும் நடக்கிறது. கலச்சுவர் கரைந்து வழிவிட, காரம் அடுத்த கலத்துக்குப் போகிறது. அமிலம் பெரும்பாலும் இப்படிப் போவதில்லை. பற்றரி அமிலம் பட்டால் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து ஒரு தடுப்புப்போல நின்றுவிடும். (அதற்காக அமிலம் பாதுகாப்பானது என்று பொருளல்ல.) காரமோ மேற்பரப்பைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, சில நிமிடங்களில் கண்ணுக்குள் இருக்கும் நீர்வரை சென்றுவிடும். அதனால் கடுமையான சுண்ணாம்புக் காயத்தில் முன்புறத்து நாற்றுமேடையும் பின்புறத்துப் பம்பிக் கலங்களும் ஒருங்கே சேதப்படலாம். தீராத வீக்கமும் மூலக்கல இழப்பும் ஒரே கண்ணில் சேர்ந்து வருவது இப்படித்தான்.

சுண்ணாம்பில் இன்னொரு கேடும் உண்டு. அது கரைந்து போய்விடாது. துணுக்குகளாக மேலிமையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்காகக் காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நாம் ஆபத்தாக நினைப்பதில்லை. பாட்டியின் வெற்றிலைத் தட்டத்தில் தினமும் இருக்கும் பொருள் அல்லவா? ஆனால் சிறு பொலித்தீன் பைகளில் அடைத்து விற்கும் சுண்ணாம்பைப் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்த, பை வெடித்து முகத்தில் அடித்த சம்பவங்களை இந்தியக் கண் வைத்தியசாலைகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. பலர் பத்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகள். பாட்டியைக் குறை சொல்ல வேண்டாம். தட்டத்தை எட்டாத உயரத்தில் வைக்க ஓர் இடம் செய்து கொடுங்கள்.

முதல் நிமிடத்தில் தண்ணீர்

இதற்கு மருந்து தண்ணீர். வைத்தியசாலையில் கொடுக்கப்போகும் எந்த மருந்தும் முதல் நிமிடத் தண்ணீருக்கு ஈடாகாது. வாகனம் தேடுவதற்கு முன், ஆளை அழைப்பதற்கு முன், நின்ற இடத்திலேயே கழுவத் தொடங்குங்கள். குடிதண்ணீர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கிணற்று நீரோ குழாய்க் கிணற்று நீரோ போதும். கொதித்தாறிய நீருக்காகக் காத்திருந்து கண்ணை இழக்கக்கூடாது.

முகத்தில் தூள் ஒட்டியிருந்தால் துணியால் ஒருதடவை தட்டிவிடுங்கள். காயப்பட்டவரை ஒருக்கணித்துப் படுக்க வைத்து, பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைத் திருப்புங்கள். அப்போதுதான் கழுவும் நீர் மற்றக் கண்ணுக்குள் போகாது. கண் தானாகத் திறக்காது. நோவினால் இமை இறுகிவிடும். ஒருவர் சுத்தமான துணியால் பிடித்து இமைகளை விரிக்க, இன்னொருவர் மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஓடும்படி நீரை மெதுவாக, விடாமல் ஊற்ற வேண்டும். மேலே பார், கீழே பார், இடம், வலம் என்று சொல்லிக்கொண்டே ஊற்றுங்கள். மேலிமையைப் புரட்டி, சுண்ணாம்புத் துணுக்குகள் தெரிந்தால் நனைத்த துணி நுனியால் எடுத்துவிடுங்கள். பிள்ளை கத்தும், உதைக்கும். பிடித்துக்கொண்டு கழுவத்தான் வேண்டும்.

எவ்வளவு நேரம்? குறைந்தது 30 நிமிடம். இரண்டு குவளை தெளித்துவிட்டு “கழுவியாச்சு” என்று புறப்படுவதே பெரும்பாலும் நடக்கிறது. அரை மணித்தியாலம் என்பது தண்ணீர் ஊற்றுபவருக்கு மிக நீண்ட நேரம். இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஊற்றுங்கள். இதற்கிடையில் ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். போகும் வழியிலும் போத்தலில் நீர் கொண்டுபோய் ஊற்றலாம். பட்ட பொருளின் பையையோ போத்தலையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தேசிக்காய்ச் சாறு, வினாகிரி விட்டால் காரம் முறியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் சொல்லக்கூடும். பரிசோதனைக் குழாயில் அது சரி. கண்ணில் செய்தால் சூடும் புதுக் காயமும்தான் மிஞ்சும். தாய்ப்பால், நெய், ஆமணக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். தாய்ப்பால் விடும் வழக்கம் அன்பினால் வந்தது. ஆனால் சில துளிப் பாலால் காரத்தைக் கழுவி அகற்ற முடியாது. அந்த நேரம் தண்ணீருக்குரிய நேரம்.

ஒரு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். காரம் பட்ட கண் சிவந்திருந்தால் பயப்படுகிறோம், சிவக்காவிட்டால் தப்பிவிட்டது என்று ஆறுதல் அடைகிறோம். உண்மை அநேகமாக மறுபக்கம். விளிம்பைச் சுற்றி இரத்தக்குழாய்கள் செத்துப்போனால் அந்த இடம் சிவக்காது. பீங்கான் போல வெளுத்திருக்கும். நாற்றுமேடைக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் அடைபட்டுவிட்டது என்பதே அதன் பொருள். நரம்புகள் பழுதானால் நோவும் குறையலாம். வெளுத்த விளிம்பும் குறைந்த நோவும் உள்ள கண்ணைத்தான் மிக விரைவாகக் கொண்டுபோக வேண்டும்.

வைத்தியசாலையில் பாசிச்சாயத்தாள் போன்ற ஒரு தாளைக் கண்ணில் தொட்டுக் காரம் நீங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். நீங்காவிட்டால் திரும்பவும் கழுவுவார்கள். பின்னர் துளி மருந்துகள் தருவார்கள். அவற்றில் சில முதல் நாட்களில் அவசியமானவை, நீண்டகாலம் விட்டால் கேடானவை. ஆகவே கிளினிக் திகதியைத் தவறவிட்டு, அதே போத்தலைக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கி விடுவது ஆபத்து. கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதும், இமை விழியோடு ஒட்டிக்கொள்வதும் பின்னர் வரக்கூடியவை. வீடு மாறினாலும், ஊர் மாறினாலும் கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள்.

எருக்கலை, கள்ளி, தில்லை

நெடுநாள் வெறுமையாகக் கிடந்த காணியில் எருக்கலை தானாக முளைத்திருக்கும். வெட்டும்போதும், பிள்ளையாருக்கு மாலை கட்டப் பூப்பறிக்கும்போதும், முள் எடுக்கப் பால் விடும்போதும் அது கண்ணில் தெறிக்கலாம், அல்லது பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்துவிடலாம். எருக்கலம்பாலின் சூழ்ச்சி, அது அதிகம் நோவதில்லை. சில மணித்தியாலங்களில் பார்வை புகைமூட்டமாகும். பால் கண்ணாடியை ஊடுருவிப் பின்புறத்துப் பம்பிக் கலங்களைத் தாக்குவதால் வரும் வீக்கம் அது. வைத்தியரிடம் நேரத்தோடு போனால் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில், வாரங்களில் தெளிவு திரும்புகிறது. ஆனால் இழந்த பம்பிக் கலங்கள் திரும்புவதில்லை. அந்தக் குறைவு முதுமையில், கண்புரை வெட்டும் காலத்தில் தெரியவரலாம். ஆகவே எருக்கலம்பால் பட்டது என்பதை எத்தனை வருடம் கழிந்தாலும் கண் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கள்ளிப்பால் வேறு விதம், தீயாக எரியும். களப்போரங்களில் விறகு வெட்டுபவர்களுக்குத் தில்லை மரத்தின் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றுக்கும் முதலுதவி மேலே சொன்ன அதே தண்ணீர்தான்.

மாற்றுக் கண் ஏன் சில வேளைகளில் நிலைப்பதில்லை?

கண்தானத்தில் எமது நாடு பேர்பெற்றது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உள்நாட்டுக்கும் பல வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களைக் கொடுத்து வந்திருக்கிறது. பம்பிக் கலங்கள் குறைந்து வீங்கிய கண்ணுக்கு இது நேரடியாக உதவும். இப்போது முழுக் கண்ணாடியையும் மாற்றாமல், பின்புறத்து மெல்லிய படையை மட்டும் மாற்றும் முறையும் உண்டு. யப்பானில் பம்பிக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து ஊசியால் கண்ணுக்குள் செலுத்தி 11 பேருக்குப் பயன் கண்டதாக 2018 இல் அறிக்கை வெளிவந்தது.

விளிம்பு அழிந்த கண்ணுக்கு நிலைமை வேறு. தானமாகக் கிடைத்த கண்ணாடியின் மேற்பரப்புக் கலங்கள் சிறிது காலத்தில் தேய்ந்துவிடும். அதன் பின் புதுக்கலங்கள் நோயாளியின் சொந்த விளிம்பிலிருந்து வரவேண்டும். அங்கே நாற்று இல்லை. எனவே பழையபடி இரத்தக்குழாயும் படலமும் ஏறி, புதுக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும். நகையை அடகு வைத்துச் சத்திரசிகிச்சைக்குப் போய்வந்து, “கண் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. கண் ஒத்துக்கொள்ளாதது எப்போதும் காரணமல்ல. நாற்றுமேடை இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதலில் நாற்றுமேடையை உண்டாக்க வேண்டும். ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் மற்றக் கண்ணிலிருந்து நாற்று எடுக்கலாம். 1989 இல் கெனியன், செங் என்ற வைத்தியர்கள் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துண்டுகள் எடுத்து நட்டு வெற்றி கண்டார்கள். ஆனால் பெரிய துண்டு எடுத்தால் நல்ல கண்ணுக்கும் கேடு வருமோ என்ற அச்சம் இருந்தது. 1997 இல் இத்தாலியில் பெலெகிரினி, டி லூக்கா குழுவினர் மிகச் சிறிய துண்டை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் படலமாக்கி இரு நோயாளிகளுக்கு நட்டார்கள். அதன் வழிவந்த சிகிச்சைக்கு 2015 இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. செலவோ மிக அதிகம்.

எம்மைப் போன்ற நாடுகளுக்கு ஏற்ற வழியை 2012 இல் ஐதராபாத்திலுள்ள எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தைச் சேர்ந்த வைத்தியர் வீரேந்தர் சங்வானும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீற்றர் அளவான ஒரு துண்டு. அதைச் சத்திரசிகிச்சை மேசையிலேயே பல சிறு துணுக்குகளாக வெட்டி, பிரசவத்தின்போது கிடைக்கும் பனிக்குடப் படலத்தைக் கண்ணில் பரப்பி, அதன் மேல் இடைவெளி விட்டு ஒட்டுகிறார்கள். துணுக்குகள் ஒவ்வொன்றும் பரவி ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆய்வுகூடம் தேவையில்லை. நாற்று நடுவதைப் போல என்று சொன்னால் மிகையாகாது. கண்ணாடியின் உட்பகுதியும் வெளுத்திருந்தால், மேற்பரப்பு நிலைத்த பின் தானக் கண்ணாடி வைக்கலாம்.

இது அவசரத்தில் செய்யும் சிகிச்சை அல்ல. காயம் ஆறிச் சிவப்பு அடங்கப் பல மாதங்கள் செல்லும். அதுவரை காத்திருக்கச் சொன்னால் வைத்தியர் கைவிட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கண்ணும் அழிந்திருந்தால் வழி கடினமானது. உறவினரிடமிருந்தோ இறந்தவரிடமிருந்தோ விளிம்பு எடுக்க வேண்டும். உடல் அதைத் தள்ளாமலிருக்க நீண்டகாலம் கடுமையான மருந்து எடுக்க வேண்டும்.

“ஸ்டெம் செல் ஊசி” என்ற பெயரில் எல்லா நோய்க்கும் மருந்து விற்பவர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவில் வேறொரு கண் நோய்க்காகப் பணம் கட்டி அத்தகைய ஊசி போட்ட மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017 இல் ஒரு மருத்துவச் சஞ்சிகை வெளியிட்டது. சொல் ஒன்றாக இருப்பதால் சிகிச்சையும் ஒன்றாகிவிடாது.

பூ விழுந்த கண்ணோடு உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், கண் வைத்திய நிபுணரிடம் இரண்டு கேள்விகளைத் தெளிவாகக் கேளுங்கள்: “விளிம்பு எவ்வளவு தப்பியிருக்கிறது? பின்புறத்துக் கலங்கள் எப்படி இருக்கின்றன?” கண்ணாடி மாற்றுவதா, நாற்று நடுவதா, இரண்டுமா, காத்திருப்பதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டின் பதிலிலேயே தங்கியிருக்கிறது.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது வீடுகளில் சுண்ணாம்பு, வெளிற்றுந்தூள், எரிசோடா எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன? ஐந்து வயதுப் பிள்ளையின் கை அங்கே எட்டுமா?

2. சவர்க்காரம் செய்யும் இடத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம்? ஒருவரைக் கண்ணைக் கட்டி நடக்கவிட்டு, எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். வேலை தொடங்குமுன் நிறைவாளியும் குவளையும் பக்கத்தில் வைப்பதற்கு யார் பொறுப்பு?

3. அரை மணித்தியாலம் விடாமல் ஊற்ற எத்தனை வாளி நீர் வேண்டும்? ஒருநாள் ஊற்றிப் பார்த்துக் கணக்கிடுங்கள்.